தி கிளாஸ் காசில்: ஒரு பத்திரிகையாளரின் சுயசரிதையும் ஆங்கில வகுப்பும்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலப் பாடத்துக்கு வைக்கிற புத்தகங்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்துக்கிட்டு வர்றேன். நான் வாத்தியார் இல்லை, சாப்ட்வேர் ஆள். ஆனா ஒரு புத்தகம் வகுப்பறைக்குள்ள போனதும் அதுக்கு என்ன ஆகுதுங்கிற கேள்வி என்னை ரொம்ப நாளா விடலை. இந்தக் குறிப்பு ஜெனட் வால்ஸ் எழுதிய 'தி கிளாஸ் காசில்' பற்றியது. 2005-ல் வந்த புத்தகம். பல வருஷம் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் இருந்தது. 2017-ல் பிரி லார்சன், வுடி ஹாரல்சன் நடித்து படமாகவும் வந்தது.

இந்தப் புத்தகத்தைப் பாடமாக வைக்கக் கூடாது என்பவர்களும் இருக்காங்க, வைத்தே ஆகணும் என்பவர்களும் இருக்காங்க. இரண்டு தரப்பையும் படித்துப் பார்த்தேன். இரண்டு பேருமே புத்தகத்தின் ஒரு முக்கியமான பகுதியைத் தாண்டிப் போயிடறாங்கன்னு தோணுது. அந்தப் பகுதி, புத்தகத்துக்குள்ளேயே இருக்கிற பள்ளிக்கூடம். அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் கதை

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. ஜெனட் நியூயார்க்கில் வசதியாக வாழும் பத்திரிகையாளர். ஒரு மாலை விருந்துக்கு டாக்ஸியில் போகும்போது ஜன்னல் வழியாகத் தன் அம்மாவைப் பார்க்கிறார். அம்மா தெருவோரக் குப்பைத் தொட்டியைக் கிளறிக்கொண்டு இருக்கிறார். மகள் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று சீட்டில் சரிந்து ஒளிந்துகொள்கிறார், வண்டியைத் திருப்பச் சொல்லி வீட்டுக்கே போய்விடுகிறார். புத்தகம் இப்படித் தொடங்குகிறது.

அங்கிருந்து மூன்று வயதுக்குத் தாவுகிறது. அரிசோனாவில் ஒரு டிரெய்லர் வீடு. குழந்தை தானே அடுப்பில் ஹாட் டாக் வேகவைக்கிறாள், கவுனில் தீப்பிடிக்கிறது. அம்மா பக்கத்து அறையில் ஓவியம் வரைந்துகொண்டிருக்கிறார். ஆறு வாரம் ஆஸ்பத்திரி. அப்பா ஒருநாள் வந்து பில் கட்டாமலேயே தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறார். வீட்டுக்கு வந்த குழந்தை மறுபடி தானே சமைக்க அடுப்பு முன்னாடி நிற்கிறாள். சபாஷ் என்கிறார் அம்மா.

அப்பா ரெக்ஸ் பெரிய புத்திசாலி, குடிகாரர். பாலைவனத்தில் கண்ணாடியாலேயே ஒரு மாளிகை கட்டப்போவதாகச் சொல்லி வரைபடத்தை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு திரிகிறார். ஒரு கிறிஸ்துமஸுக்குக் கையில் காசில்லாமல், வானத்திலிருந்து ஆளுக்கொரு நட்சத்திரம் எடுத்துக்கச் சொல்கிறார். மகள் வெள்ளிக் கிரகத்தைக் கேட்க, அதையும் கொடுத்துவிடுகிறார். கடைசியில் குடும்பம் மேற்கு வர்ஜீனியாவின் வெல்ச் என்ற நிலக்கரி ஊருக்கு வந்து சேர்கிறது. அங்கே கண்ணாடி மாளிகைக்கு அஸ்திவாரம் போட மகளும் மகனும் குழி தோண்டுகிறார்கள். குப்பை எடுப்பவர்களுக்குக் கொடுக்கப் பணமில்லை, அதனால் அந்தக் குழியிலேயே குப்பையைக் கொட்டச் சொல்கிறார் அப்பா.

பதினேழு வயதில் ஜெனட் நியூயார்க்குக்குத் தப்பிப் போகிறார். பர்னார்ட் கல்லூரியில் 1984-ல் பட்டம். பிறகு நியூயார்க் பத்திரிகையில் பிரபலங்களைப் பற்றிய கிசுகிசுப் பத்தி எழுதுகிறார். ஊரில் இருக்கிற பெரிய மனுஷங்க ரகசியத்தை எல்லாம் அச்சில் போட்டவர், தன் அப்பாவும் அம்மாவும் அதே ஊரில் வீடில்லாமல் இருப்பதைப் பல வருஷம் மறைத்து வைத்திருந்தார்.

ஆங்கிலப் பாடத்துக்குள் எப்படி வந்தது

இது பெரியவர்களுக்கு எழுதின புத்தகம். ஆனா 2006-ல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் அலெக்ஸ் விருது இதுக்குக் கிடைச்சுது. பெரியவர்களுக்காக எழுதப்பட்டு 12 முதல் 18 வயது வரை உள்ளவர்களையும் இழுக்கக்கூடிய புத்தகங்களுக்கான விருது அது. நூலகர்கள் வழியாகப் பள்ளிக்குள்ள போக அது ஒரு கதவு.

இன்னொரு கதவு 2010-ல் திறந்தது. பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட காமன் கோர் தரநிலைகள், பன்னிரண்டாம் வகுப்பு வரும்போது மாணவர் படிப்பதில் 70 சதவீதம் தகவல் சார்ந்த எழுத்தாகவும் 30 சதவீதம் இலக்கியமாகவும் இருக்கணும்னு சொன்னது. அந்தக் கணக்கு எல்லாப் பாடங்களையும் சேர்த்துத்தான். ஆனாலும் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு நெருக்கடி வந்தது. நாவல் மட்டும் நடத்தினா போதாது, புனைவில்லாத எழுத்தும் வேணும். அதே சமயம் பசங்க தூங்காம படிக்கிற மாதிரியும் இருக்கணும். நாவல் மாதிரியே ஓடும் சுயசரிதை கைக்கு வந்தா யார் விடுவாங்க?

இங்கேயே ஒரு சிக்கல் ஆரம்பிக்குது. புனைவில்லாத எழுத்து என்ற கணக்கில் உள்ளே வந்த புத்தகத்தை, நாவல் நடத்துகிற மாதிரியே நடத்துகிறார்கள்.

வகுப்பில் கேட்கப்படும் கேள்விகள்

ஆசிரியர்கள் இணையத்தில் பகிர்ந்துகொள்ளும் பாடத்திட்டங்கள், ஒர்க்‌ஷீட்கள், ஸ்பார்க்நோட்ஸ், லிட்சார்ட்ஸ் போன்ற வழிகாட்டிகள் (அந்த ஊர் கோனார் உரைன்னு வெச்சுக்கலாம்) இதையெல்லாம் கிடைத்தவரைக்கும் படித்தேன். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் மூணு வகை.

ஒண்ணு, குறியீடு. கண்ணாடி மாளிகை எதைக் குறிக்கிறது? நெருப்பு எதைக் குறிக்கிறது? ரெண்டாவது, தீர்ப்பு. ரெக்ஸ் நல்ல அப்பாவா கெட்ட அப்பாவா? ஜெனட் அவரை மன்னிச்சது சரியா? மூணாவது, நீதி. கஷ்டத்தைத் தாண்டி ஜெயிக்கத் தேவையான குணங்கள் என்ன? ஜெனட்டிடமிருந்து நீ என்ன கற்றுக்கொண்டாய்?

இந்தக் கேள்விகள் எல்லாமே தப்புன்னு சொல்லலை. குறியீட்டைப் பற்றிப் பேசலாம்தான். ஆனா நெருப்பு அந்தக் குழந்தையின் உடம்பில் உண்மையாகவே பிடித்தது. தழும்பு இன்னும் இருக்கு. ஒரு நாவலாசிரியர் தீயை ஒரு காரணத்துக்காக அங்கே வைத்தார்னு சொல்ற மாதிரி இங்கே சொல்ல முடியாது. இங்கே கேட்கவேண்டியது வேற: நடந்த நூறு விஷயத்தில் இதை முதல் நினைவாக ஏன் தேர்ந்தெடுத்தார்? எப்படிச் சொல்கிறார்?

எப்படிச் சொல்கிறார் என்பதில்தான் பத்திரிகையாளர் தெரிகிறார். புத்தகம் முழுக்க 'கொடுமை', 'புறக்கணிப்பு' மாதிரியான தீர்ப்புச் சொற்கள் அநேகமாக இல்லை. என்ன சாப்பிட்டோம், எத்தனை நாள் சாப்பிடலை, கூரை எங்கே ஒழுகியது, அப்பா என்ன சொன்னார், அவ்வளவுதான். பிள்ளைகளுக்குச் சாப்பாடில்லாத நாளில் அம்மா போர்வைக்குள் ஒளித்து வைத்துச் சாக்லேட் சாப்பிட்டதை எழுதும்போதும் திட்டுவதில்லை. செய்தி எழுதப் பழகிய கை அது. கோபப்படுகிற வேலை வாசகருடையதாகிவிடுகிறது.

இதை மாணவர்களுக்குக் காட்ட எளிய வழி ஒண்ணு இருக்கு. அந்தச் சாக்லேட் பக்கத்தை எடுத்துக்கிட்டு, அம்மா சுயநலக்காரின்னு ஒரு வரி சேர்த்துப் படிச்சுப் பார்க்கச் சொல்லலாம். என்ன கெட்டுப்போகுதுன்னு பதினைந்து வயசுப் பையனுக்கே புரிஞ்சுடும். 'அம்மா நல்லவரா கெட்டவரா' என்ற கேள்வியை ஆசிரியர் கேட்டால், எழுத்தாளர் கவனமாக விட்டுவைத்த அந்த ஒரு வரியைத்தான் மாணவன் கையால் எழுத வைக்கிறார்.

நாலாவது பிள்ளை

மூணாவது வகைக் கேள்விதான், அதாவது கஷ்டத்தைத் தாண்டி ஜெயிப்பது, எனக்கு ரொம்ப உறுத்துது. வால்ஸ் வீட்டில் நாலு பிள்ளைகள். அக்கா, ஜெனட், தம்பி, கடைசியாக ஒரு தங்கை. அக்கா ஓவியர் ஆனார், தம்பி நியூயார்க் போலீஸில் சேர்ந்தார், ஜெனட்டை நமக்குத் தெரியும். கடைசித் தங்கை? நியூயார்க்குக்கு வந்த பிறகும் அவளால் நிமிர முடியவில்லை. அம்மா வீட்டை விட்டுப் போகச் சொன்னபோது அம்மாவையே கத்தியால் குத்திவிடுகிறாள். மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறாள். பிறகு கலிபோர்னியாவுக்குப் போய்விடுகிறாள். புத்தகத்தில் இது எல்லாமே இருக்கு.

எங்க துறையில் எல்லோருக்கும் தெரிஞ்ச ஒரு எச்சரிக்கை இது: திரும்பி வந்த விமானங்களில் இருக்கும் ஓட்டைகளை மட்டும் பார்த்து முடிவெடுக்காதே, திரும்பி வராத விமானத்தையும் நினை. ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா, ஒரே பசி. மூணு பேர் கரையேறினாங்க, ஒருத்தர் ஏறலை. விடாமுயற்சி இருந்தா ஜெயிக்கலாம்னு பாடம் நடத்தினா அந்தத் தங்கைக்கு விடாமுயற்சி இல்லைன்னு சொல்றதாகிடும். புத்தகம் அப்படிச் சொல்லவே இல்லை. தங்கையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்ற குற்றவுணர்வு ஜெனட்டுக்கு இருக்கு, அதையும் எழுதியிருக்கார். இந்த இடத்தை விட்டுவிட்டு முடிக்கிற பாடம் பாதிப் புத்தகத்தைத்தான் நடத்துது.

இதோடு சேர்த்து இன்னொண்ணு. இதை வறுமையைப் பற்றிய புத்தகம்னு அறிமுகப்படுத்துறாங்க. பாதிதான் சரி. அம்மா ரோஸ் மேரிக்கு ஆசிரியர் வேலைக்கான சான்றிதழ் இருந்தது. டெக்சஸில் அவர் பேரில் நிலமும் இருந்தது. அதன் மதிப்பு பத்து லட்சம் டாலர் அளவில் இருக்கும் என்று மகளுக்கு ரொம்ப வருஷம் கழித்து நியூயார்க்கில்தான் தெரிய வருகிறது. பிள்ளைகள் பட்டினி கிடந்த நாட்களிலும் அந்த நிலம் இருந்தது!

இது ஏன் வகுப்பில் முக்கியம்? அந்த வகுப்பில் நிஜமாகவே ஏழை வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பாங்க. அவங்க அம்மா ரெண்டு இடத்தில் வேலை பார்த்துத் தனக்கில்லாவிட்டாலும் பிள்ளைக்குச் சாப்பாடு போடுறவங்களா இருக்கலாம். 'வறுமை பற்றிய புத்தகம்' என்று சொல்லி ரோஸ் மேரியைக் காட்டினால், ஏழைப் பெற்றோர்னா இப்படித்தான்னு வகுப்பு முழுக்க ஒரு படம் பதிஞ்சுடும். இல்லாமையும் கவனிக்காமல் விடுவதும் வேற வேற. அதைப் பிரித்துக் காட்டாம இந்தப் புத்தகத்தை நடத்தறது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யற அநியாயம்.

புத்தகத்துக்குள் இருக்கிற வாத்தியார்கள்

இப்போ நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வர்றேன். ஆங்கில ஆசிரியர்கள் நடத்துகிற இந்தப் புத்தகத்துக்குள்ளேயே வாத்தியார்கள் இருக்காங்க. வழிகாட்டிகளில் அவர்களுக்குக் கிடைக்கும் இடம் கதாபாத்திரப் பட்டியலில் ஒரு வரி.

வெல்ச்சில் பள்ளியில் சேர்க்கப் போகும்போது பிள்ளைகளிடம் பழைய பள்ளிச் சான்றிதழ்கள் இல்லை. தலைமையாசிரியர் வாய்க்கணக்கு கேட்கிறார். அவர் மலைநாட்டு உச்சரிப்பு ஜெனட்டுக்குப் புரியலை, அவள் பேசுவது அவருக்குப் புரியலை. பிள்ளை மந்தம், பேச்சிலும் குறை இருக்கு என்று முடிவு கட்டி, மெதுவாகக் கற்பவர்களுக்கான வகுப்பில் போட்டுவிடுகிறார். அப்பா சின்ன வயசிலேயே இரண்டடிமானக் கணக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்து வளர்த்த பெண் அவள்.

அதே வெல்ச்சில், மதிய உணவு நேரத்தில் கையில் சாப்பாடில்லாததை மறைக்க ஜெனட் கழிவறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறாள். மற்ற பெண்கள் அங்கே குப்பைக் கூடையில் போடும் மிச்சச் சாப்பாட்டை எடுத்துத் தின்கிறாள். ஒரு பள்ளி. நூற்றுக்கணக்கான கண்கள். யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் கேட்கவில்லை.

ஒருநாள் குழந்தைகள் நலத்துறை ஆள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். ஜெனட் மட்டும்தான் இருக்கிறாள். அப்பா வேலைக்குப் போயிருக்கிறார், எல்லாம் நல்லா இருக்கு என்று சமாளித்து அனுப்பிவிடுகிறாள். பிள்ளைகளைப் பிரித்து ஆளுக்கொரு வீட்டில் விட்டுவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு. கார்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போன அந்த ஆள் திரும்ப வருவதே இல்லை. இந்தப் பக்கத்தை வெச்சு ஒரு முழு வகுப்பே நடத்தலாம். ஒரு குழந்தை எதுக்காகப் பொய் சொல்லித் தன் வீட்டைக் காப்பாத்துது? அந்த அதிகாரி வேற என்ன கேட்டிருக்கலாம்?

ரெண்டாவது வாத்தியார் அம்மாவே. அந்தக் கார்டு வந்த பயத்தில்தான் மகள் அம்மாவை வேலைக்குப் போகச் சொல்லி மல்லுக்கு நிற்கிறாள். அம்மாவுக்கு ஆசிரியர் வேலை கிடைக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை. காலையில் அவரை எழுப்பி அனுப்புவதும், விடைத்தாள் திருத்துவதும் பிள்ளைகள் வேலையாகிறது.

மூணாவது ஆள் ஒரு ஆங்கில ஆசிரியை. பள்ளிப் பத்திரிகையான 'தி மரூன் வேவ்' அவர் பொறுப்பில் இருக்கிறது. அமைதியானவர். ஏழாம் வகுப்பில் ஜெனட் அந்தப் பத்திரிகையில் பிழை திருத்தச் சேர்கிறாள். செய்தி என்பது என்ன, உலகம் அப்பா அம்மா சொல்கிற மாதிரி மட்டும்தான் இருக்கா என்ற சந்தேகம் அவளுக்கு முதலில் வந்தது அங்கேதான். அம்மாவும் எழுதுகிறவர்தான், ஆனால் தனி அறையில் அடைந்து எழுதுகிறவர். நிருபர்கள் வெளியே போய், மற்றவர்கள் வாழ்க்கையைக் கேட்டு எழுதுகிறார்கள். அவளுக்கு அது பிடித்துப்போகிறது. பிறகு அந்தப் பத்திரிகைக்கே ஆசிரியர் ஆகிறாள்.

கதை அதோட முடியலை. அதே ஆசிரியைதான் ஒரு தலைமுறைக்கு முன்னாடி ரெக்ஸுக்கும் ஆங்கிலம் நடத்தியவர். அவனிடம் எழுதும் திறமை இருக்கிறதென்று நம்பிய முதல் ஆள். அவர் தூண்டி ஒரு கவிதைப் போட்டிக்கு அவன் கவிதை அனுப்ப, முதல் பரிசு. குடிகாரர்களின் மகன் இதைச் சொந்தமாக எழுதியிருக்க முடியுமா என்று வேறொரு ஆசிரியர் சந்தேகப்பட, அவன் பள்ளியை விட்டே வெளியேறுகிறான். பேசித் திரும்ப வரவழைத்து பள்ளிப்படிப்பை முடிக்க வைத்தவர் இந்த ஆசிரியை. ரெக்ஸ் தன் மகளுக்கு வைத்தது அவர் பெயரைத்தான். அதில் ஒரு எழுத்து கூடுதலாகச் சேர்த்தது மட்டும் அம்மா.

அட்டையில் எழுத்தாளர் பெயர் என்று பசங்க தினமும் பார்க்கிறது ஒரு ஆங்கில டீச்சர் பெயர்! இதை நடத்துகிறவரும் ஒரு ஆங்கில டீச்சர். ஒரே பையன் வாழ்க்கையில் ரெண்டு ஆசிரியர்கள்: ஒருத்தர் சொன்ன ஒரு சந்தேகம் அவனை வெளியே தள்ளியது, இன்னொருத்தர் வைத்த நம்பிக்கை உள்ளே இழுத்தது. அந்த நம்பிக்கை ரெக்ஸைக் காப்பாற்றவும் இல்லை, அவர் குடித்தே அழிந்தார். ஆனால் அடுத்த தலைமுறையில் மகளுக்கு அதே கை ஒரு பத்திரிகையைக் கொடுத்தது. ஆசிரியரால் என்ன முடியும், எது முடியாதுங்கிறதுக்கு இதைவிட நேர்மையான கணக்கை நான் படிச்சதில்லை. விட்டுட்டுக் கண்ணாடி மாளிகை எதன் குறியீடுன்னு கேட்டுக்கிட்டிருக்கோம்.

கென்னடி கொடுத்த கூப்பன்

புனைவில்லாத எழுத்து என்றால் சரிபார்க்க முடியும். அதுக்கு இந்தப் புத்தகத்தில் ஒரு அருமையான இடம் இருக்கு. வெல்ச் ஊரின் பெருமையைச் சொல்லும்போது, ஜனாதிபதி கென்னடி அங்கே வந்து நாட்டின் முதல் உணவுக் கூப்பன்களைத் தன் கையாலேயே கொடுத்தார் என்று வருகிறது.

பதிவு வேறு மாதிரி. ஃபுட் ஸ்டாம்ப் சோதனைத் திட்டத்தின் முதல் கூப்பன்கள் 1961 மே 29 அன்று, வெல்ச் இருக்கும் அதே மெக்டவல் மாவட்டத்துக் குடும்பம் ஒன்றுக்குத்தான் கொடுக்கப்பட்டன. 15 பேர் கொண்ட குடும்பம், 95 டாலர் மதிப்புள்ள கூப்பன்கள். கொடுத்தவர் கென்னடி இல்லை, அவருடைய விவசாயத் துறைச் செயலர் ஆர்வில் ஃப்ரீமன். திட்டம் கென்னடி அரசுடையது. 1960 தேர்தலில் மேற்கு வர்ஜீனியா முழுக்க அவர் பிரசாரம் செய்ததும் உண்மை. ஊர் நினைவில் ரெண்டும் ஒட்டிக்கொண்டன.

இதைக் காட்டி 'பார், பொய் எழுதியிருக்கார்' என்று சொல்வது சின்னத்தனம். வகுப்பில் இதைச் செய்ய வைத்தால் மாணவர்கள் வேற ஒண்ணு கற்றுக்கொள்வார்கள்: ஊர் சொல்வது, குழந்தை நினைவில் நிற்பது, காகிதத்தில் பதிவாவது மூணும் எப்படி வேறுபடுகிறது. புத்தகம் வந்த அடுத்த வருஷம், 2006 ஜனவரியில்தான் ஜேம்ஸ் ஃப்ரேயின் சுயசரிதையில் பல சம்பவங்கள் ஜோடிக்கப்பட்டவை என்று வெளியாகி அமெரிக்காவே பேசியது. ஜோடிப்பதும் தவறாக நினைவில் நிற்பதும் ஒன்றா? பதினாறு வயதுக்கு நல்ல கேள்வி.

அதே மெக்டவல் மாவட்டத்தில்தான் ஜெனட் தன் அம்மாவிடம், அப்பாவை விட்டுட்டு வந்தா அரசு உதவி கிடைக்கும் என்று கெஞ்சுகிறாள். அம்மா மறுத்துவிடுகிறார். அரசு உதவி வாங்கினால் பிள்ளைகள் மனசு கெட்டுவிடும் என்கிறார். நாட்டின் முதல் கூப்பன் வந்த இடத்தில் நாலு பிள்ளைகள் பட்டினி. திட்டம் இருக்கு, அது பிள்ளையின் தட்டுக்கு வரலை. சரிபார்க்கப் போனதால் கிடைத்த செய்தி இது.

'இப்போ உன் கதையை எழுது'

புத்தகம் முடிந்ததும் பெரும்பாலும் ஒரு எழுத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். உன் வாழ்க்கையில் மறக்க முடியாத சம்பவத்தை ஜெனட் மாதிரி எழுது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வகுப்பில் முப்பது பேர். யாராவது ஒருத்தர் வீட்டில் ரெக்ஸ் இருக்கலாம். ஜெனட் இதை எழுதியது நாற்பது வயதுக்கு மேல், வேலையும் வீடும் துணையும் இருக்கும்போது, அப்பா இறந்து பத்து வருஷம் கழித்து. அப்படியும் எழுதத் தயங்கினார். அதே வேலையைப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம், இன்னைக்குச் சாயங்காலம் அதே வீட்டுக்குத் திரும்பப் போகவேண்டிய பிள்ளையிடம், வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு பக்கம் என்று கேட்கிறோம். மார்க் வேற.

சட்டமும் இருக்கு. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஒரு குழந்தை துன்புறுத்தப்படுகிறது அல்லது கைவிடப்படுகிறது என்று சந்தேகம் வந்தாலே ஆசிரியர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் குற்றம். நல்ல சட்டம்தான். ஆனால் எழுதுகிற பிள்ளைக்கு அது முன்கூட்டித் தெரியணும். 'நீ எழுதுவதை நான் மட்டும்தான் படிப்பேன்' என்று ஆசிரியர் சொன்னால் அது உண்மையில்லை. அட்டை கொடுத்துவிட்டுப் போன அந்த அதிகாரியைப் பார்த்து ஜெனட் ஏன் பயந்தாள் என்று வகுப்பில் பேசிவிட்டு, அடுத்த நாளே தெரியாமல் பிள்ளையை அதே இடத்தில் நிறுத்தக் கூடாது.

மாற்று கஷ்டமில்லை. ஒரு நிருபரின் சுயசரிதையைப் படிச்சாச்சு, நிருபர் வேலையைக் கொடுக்கலாமே. பள்ளியின் காவலாளியை, கேன்டீனில் வேலை செய்கிறவரை, பேருந்து ஓட்டுநரைப் பேட்டி கண்டு தீர்ப்புச் சொல் இல்லாமல் ரெண்டு பக்கம். தன் கதையை எழுத விரும்புகிற பிள்ளை எழுதட்டும், கட்டாயம் வேண்டாம்.

தடை கேட்பவர்கள்

எதிர்ப்பவர்களையும் நியாயமாகச் சொல்லணும். 2012-ல் அதிக எதிர்ப்பைச் சந்தித்த பத்துப் புத்தகங்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் போட்ட பட்டியலில் இது இருந்தது. கெட்ட வார்த்தை, பாலியல் விவரணை என்பவை காரணங்கள். குழந்தைகளிடம் உறவினர்களே தவறாக நடக்கும் காட்சிகள் புத்தகத்தில் இருப்பது உண்மை. என் பிள்ளை இதைப் படிக்கும் முன்னாடி எனக்குச் சொல்லுங்க என்று ஒரு அப்பாவோ அம்மாவோ கேட்டால் அதில் தப்பே இல்லை.

2014-ல் டல்லஸ் பக்கத்தில் வசதியானவர்கள் வாழும் ஹைலண்ட் பார்க் பள்ளி மாவட்டம் ஏழு புத்தகங்களை நிறுத்தி வைத்தது, எதிர்ப்பு வந்ததும் அந்த முடிவை வாபஸ் வாங்கியது. ஏழில் ஒன்று 'தி கிளாஸ் காசில்'. இன்னொன்று டேவிட் ஷிப்லர் என்ற பத்திரிகையாளர் உழைத்தும் ஏழையாக இருப்பவர்களைப் பற்றி எழுதிய 'தி வொர்க்கிங் புவர்'. தடை கேட்பவர்கள் பிள்ளையின் கண்ணிலிருந்து இதை மறைக்கப் பார்க்கிறார்கள். பாராட்டுபவர்கள் 'ஜெயித்த கதை' என்று மெழுகிவிடுகிறார்கள். இரண்டிலும் கழிவறையில் உட்கார்ந்து குப்பைக் கூடையிலிருந்து சாப்பிடுகிற பெண் காணாமல் போகிறாள்.

எனக்குத் தோன்றுகிற பாடம்

புத்தகத்தின் கல்லூரிப் பகுதியில் ஒரு காட்சி வரும். பர்னார்டில் ஒரு வகுப்பு. வீடற்றவர்களைப் பற்றிப் பேச்சு. சிலர் தாங்களே தேர்ந்தெடுத்த வாழ்க்கையை வாழலாமே என்று ஜெனட் சொல்கிறார். வாழ்க்கையில் கஷ்டமே பார்க்காத உனக்கு ஏழைகளைப் பற்றி என்ன தெரியும் என்று பேராசிரியர் கோபப்படுகிறார். ஜெனட் பதில் சொல்லாமல் பின்வாங்கிவிடுகிறார். அவர் அப்பா அம்மா அப்போது அதே நகரத்தில் தெருவில் இருக்கிறார்கள்.

நான் ஆசிரியராக இருந்தா புத்தகத்தை இந்தக் காட்சியிலிருந்துதான் நடத்த ஆரம்பிப்பேன். அடுத்து நாலு வேலை. ஒண்ணு, தீர்ப்புச் சொல் இல்லாமல் எழுதப்பட்ட ஒரு பக்கத்தை அக்கு அக்காகப் பிரித்துப் பார்ப்பது. ரெண்டு, கூப்பன் விஷயம் மாதிரி ஒரு தகவலைப் பதிவுகளோடு ஒப்பிடுவது. மூணு, பள்ளி வருகிற பக்கங்களை மட்டும் வரிசையாக எடுத்து, ஒவ்வொரு இடத்திலும் யார் பார்த்தாங்க, யார் பார்க்கலை, என்ன கேட்டிருக்கலாம் என்று பட்டியல் போடுவது. நாலு, அந்தத் தங்கையைப் பற்றி ஒரு முழு வகுப்பு.

1987-ல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டம் வீடற்ற பிள்ளைகளின் படிப்புக்கு உரிமை கொடுக்கிறது. முகவரிச் சான்றோ பழைய பள்ளிச் சான்றிதழோ இல்லாவிட்டாலும் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும், உதவ ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்பதெல்லாம் இன்று அதில் உண்டு. பாடம் ஆரம்பிக்கும் முதல் நாளே அந்தப் பொறுப்பாளர் யார், அவர் அறை எங்கே இருக்கு, இலவச மதியச் சாப்பாட்டுக்கு யாரிடம் எழுதித் தரணும் என்பதைக் கரும்பலகையில் எழுதிவிடலாம். யாரையும் பார்த்துச் சொல்ல வேண்டாம், எல்லோருக்குமாக எழுதினால் போதும். தேவைப்படுகிற பிள்ளை யாரும் கவனிக்காத நேரத்தில் குறித்துக்கொள்ளும்.